வேப்பமரத்தில் கிண்ணம் கடையலாமா? – கச்சான் காலத்துக் கடைசல் குறிப்புகள், திருகோணமலை

2024 மே 19

நிலாவெளியில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "வேப்பமரம் கடைசலுக்கு உதவாது என்று முடிவெடுத்துவிட்டேன். புதிதாகத் தறித்த மரத்தில் ஒரு கிண்ணம் கடைந்தேன். பின்னேரம் முடித்து மேசையில் வைத்தேன். அடுத்த நாள் மதியம் பார்த்தால் விளிம்பிலிருந்து அடிவரைக்கும் பிளந்து கிடக்கிறது. தேக்கு வாங்கக் காசில்லை. மரத்தைச் சுற்றவிட்டுக் கடைகிற என்னுடைய லேத் மெசினும் சின்னது, நடுங்குகிறது. பெரிய லேத் வாங்கினால் சரிவருமா?"

பெரிய லேத் வாங்கினால் பெரிய கிண்ணம் வெடிக்கும், தம்பி.

வேம்பின்மேல் பழியைப் போடாதேயும். இரண்டு விஷயம் சொல்லும். கிண்ணத்துக்குள் மரத்தின் நடுக்குருத்து, அதாவது வளையங்களின் நடுமையம், இருந்ததா? கடைந்து முடித்ததும் காற்றுப்படும் இடத்தில் வைத்தீரா?

மே 19, இரவு

இரண்டுக்கும் "ஓம்" என்கிறார். அப்படியென்றால் தேக்கு என்றாலும் பிளந்திருக்கும்.

இது மே மாதம். கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. செப்டெம்பர் வரைக்கும் தரைப்பக்கம் இருந்து காய்ந்த காற்று வீசும். காலையில் கொடியில் போட்ட சாரம் தேத்தண்ணி குடித்து முடிக்க முன்னம் காய்ந்துவிடுகிறது என்றால் ஈரக் கிண்ணத்தின் நிலைமையை யோசித்துப் பாரும். வெளித்தோல் காய்ந்து சுருங்கப் பார்க்கும். உள்ளே இன்னும் ஈரம், அது சுருங்க விடாது. அந்த இழுபறியில் பிளக்கிறது.

குருத்துக் கதை நாளைக்கு. கரண்ட் போய்விட்டது.

மே 20

மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் கொஞ்சம். வளையத்தைச் சுற்றிய திசையில் ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு. சுற்றளவு அதிகமாகச் சுருங்கி, ஆரம் குறைவாகச் சுருங்கினால் முழு உருண்டைக்கு எங்கேயாவது வாய் திறக்க வேண்டும். அது குருத்திலிருந்துதான் திறக்கும்.

ஆகவே குற்றியை முழுசாக ஒருநாளும் லேத்தில் மரத்தைக் கவ்விப் பிடிக்கிற சக்கில் மாட்டக்கூடாது. குருத்தின் இரண்டு பக்கமும் வெட்டி, நடுத்துண்டை விறகுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சும் இரண்டு அரைக் குற்றிகளிலும் கிண்ணம் எடுக்க வேண்டும். வாய் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, குருத்து மட்டும் உள்ளே இருக்கக்கூடாது.

தறித்த அன்றைக்கே இரண்டு முனைகளையும் மூடவேண்டும். ஈரம் முனைவழியாகத்தான் வேகமாகப் போகும். உருக்கிய மெழுகுதிரி மலிவு. ஆனால் மெழுகு டின்னை நேரே அடுப்பில் வைக்காதேயும், தீப்பிடிக்கும். கொதிநீருக்குள் டின்னை வைத்து உருக்க வேண்டும். சுவருக்கு அடித்து மிஞ்சின இமல்சன் பெயின்ற் இருந்தால் தடிப்பாக இரண்டு பூச்சு, அதுவும் போதும். வெள்ளைப் பசையும் பூசலாம்.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் இந்தப் பக்கம் கரை கடந்தபோது விழுந்த வேம்பும் பூவரசும் என்னிடம் இன்னும் கிடக்கின்றன. முனை மூடிய குற்றிகள் முழுசாக இருக்கின்றன. மூடாமல் போட்டவற்றை வீட்டில் விறகாக்கிவிட்டார்கள், எனக்குச் சொல்லாமலே.

மே 22

"அப்போ ஈரமரத்தைக் கடையவே கூடாதா?" என்று தம்பி கேட்கிறார். கடையலாம், ஈரத்தில் கடைவதுதான் சுகம். உளி வழுக்கிக்கொண்டு போகும், தூசியும் இல்லை. ஒரே மூச்சில் முடிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

முதலில் தடிப்பாகக் கடைந்து வைக்க வேண்டும். சுவரின் தடிப்பு விட்டத்தில் பத்தில் ஒன்று: 20 சென்றிமீற்றர்க் கிண்ணம் என்றால் 2 சென்றிமீற்றர். அடியும் அதே தடிப்பு. அடி தடித்து சுவர் மெலிந்தால் இரண்டும் வேறுவேறு வேகத்தில் காயும்.

பிறகு பழைய பத்திரிகையைப் பல மடிப்பாகச் சுற்றி, வீட்டுக்குள் காற்றோட்டம் குறைந்த இடத்தில் வைக்க வேண்டும். என்னுடையவை கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. அடியில் பென்சிலால் திகதியையும் நிறையையும் எழுதும். குசினித் தராசு போதும். வாரத்துக்கு ஒருமுறை நிறுத்து, நிறை குறையாமல் நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. சில மாதம் எடுக்கும். அதற்குள் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். அதற்காகத்தான் அந்தத் தடிப்பு. திரும்ப மாட்டி வட்டமாக்கி முடிக்கலாம்.

பொறுமை இல்லாதவர்களுக்கு வேறு வழி: ஈரமாக இருக்கும்போதே 4, 5 மில்லிமீற்றர் வரை மெல்லிதாகக் கடைந்துவிட்டால் அது பிளக்காமல் வளையும். வளைந்த கிண்ணம் சோறு போட உதவாது, பார்க்க நன்றாக இருக்கும்.

மே 25

கிண்ணியாவில் இருந்து ஒரு நானா எழுதுகிறார்: "எங்கட ஆக்கள் மரத்தைக் களப்பில் ஊறப்போட்டுத்தான் எடுப்பார்கள். உளுக்காது, வெடிக்கவும் மாட்டாது. நீங்கள் மெழுகு பூசச் சொல்கிறீர்கள்."

நானா, கூரை வளைகளுக்கும் தூண்களுக்கும் அது நல்ல முறைதான். மரத்திலுள்ள மாச்சத்தும் சாறும் தண்ணீரோடு போய்விடும், வண்டுக்குத் தீனி இல்லை. ஆனால் களப்புத் தண்ணீரில் உப்பு. உப்பேறிய மரம் மாரியில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், உளியும் துருப்பிடிக்கும். கடைசலுக்கு ஊறப்போடுவதென்றால் நல்ல தண்ணீர்த் தொட்டிதான்.

மே 26

நானாவின் பதில்: "நல்ல தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மனைவி என்னை ஊறப்போடுவா."

யூன் 3

லேத் நடுங்குவதைப்பற்றி.

சின்ன லேத் என்றால் பாரம் சேர்க்க வேண்டும். கீழ்த் தட்டில் இரண்டு மூன்று உரப்பையில் நிலாவெளி மணலைக் கட்டிப் போடும். காசில்லாத வைத்தியம். நாலு காலும் நிலத்தில் சரியாகப் பதிகிறதா என்று அதற்கு முதல் பாரும்.

அடுத்தது வேகம். ஒரு கணக்கு இருக்கிறது: மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கான சுற்றுக்களால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வரவேண்டும். 10 அங்குலக் கிண்ணம் என்றால் 600 முதல் 900 சுற்று. 2 அங்குலக் கட்டில்கால் என்றால் 3000க்கும் போகலாம். கோணல் குற்றியை முதலில் மாட்டும்போது இந்தக் கணக்கையும் விட்டு, மெசின் போகக்கூடிய ஆகக் குறைந்த வேகத்தில்தான் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பொருத்துகிற மோட்டர் பெரும்பாலும் 1440 சுற்று. மோட்டரில் 2 அங்குலப் புளி (பெல்ட் ஓடுகிற சில்லு), மேலே 4 அங்குலப் புளி என்றால் 720 கிடைக்கும். அதை மாற்றிப் போட்டால் 2880. தம்பியின் லேத்தில் பெல்ட் எந்தப் புளியில் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். சின்ன லேத்தை விற்கிற கடைக்காரன் வேகத்தைக் கூட்டித்தான் விற்பான், குறைத்து விற்கமாட்டான்.

யூன் 3, கொஞ்சம் கழித்து

பெல்ட் மேல்வேகப் புளியில்தான் கிடந்ததாம். 9 அங்குல வேப்பங்குற்றியை அந்த வேகத்தில் சுற்றியிருக்கிறார். தம்பி, உமக்குக் கோணேசர் துணை.

யூன் 4

இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். வரிசைப்படுத்தாமல் எழுதுகிறேன், வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாரத்தோடு லேத்துக்குக் கிட்டப் போகாதீர்கள். வீட்டில் நிற்கிற உடுப்புத்தானே என்று நினைப்பது எங்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம். தொங்குகிற துணி, மோதிரம், கைக்கயிறு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கையுறை வேண்டவே வேண்டாம், விரலைப் பாதுகாக்க மாட்டாது, விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். எண்ணெய் பூசும்போது சுற்றுகிற மரத்தில் துணி பிடிக்கவும் கூடாது, மெல்லிய கடதாசிதான். கடதாசி கிழியும், துணி கிழியாது.

முகம் முழுக்க மறைக்கிற கவசம் வாங்குங்கள், கண்ணாடி மட்டும் போதாது. குற்றி கழன்றால் கண்ணைத் தேடி வருவதில்லை, தாடைக்கு வரும். சுவிச்சைப் போடும்போது சுற்றுகிற மரத்துக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். போட முன்னம் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, உளியைத் தாங்குகிற டூல் ரெஸ்டில் முட்டவில்லை என்று பாருங்கள். டூல் ரெஸ்டை நகர்த்துவதென்றால் மெசினை நிறுத்தித்தான். சாண்ட் பேப்பர் பிடிக்கும்போது டூல் ரெஸ்டைக் கழற்றியே வைத்துவிடுங்கள்.

கரண்ட் போனால் முதல்வேலை சுவிச்சை அணைப்பது. 2022இல் மணித்தியாலக் கணக்கில் வெட்டினார்களே, அப்போது வந்த பழக்கம் இது. கரண்ட் போனதும் ஆள் தேத்தண்ணிக்குப் போவார், உளியை மேலே வைத்துவிட்டு. கரண்ட் வந்ததும் லேத் தானாக ஓடத் தொடங்கும். கரண்ட் போனால் தானாக விழுந்து, பச்சைப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஓடுகிற சுவிச் கடைகளில் இருக்கிறது. லேத்துக்கு முதல் அதை வாங்குங்கள்.

யூன் 9

தம்பி மறுபடி பெரிய லேத்தின் விலையை அனுப்பியிருக்கிறார். அந்தக் காசில் கால்வாசியை ஒரு நல்ல கிரைண்டருக்குப் போடும். மிச்சத்தை வங்கியில் போடும். என் அபிப்பிராயத்தில் கடைசல் என்பது பாதி மரத்தைக் காயவைப்பது, மற்றப் பாதி உளியைத் தீட்டுவது. லேத் இரண்டுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருக்கிற சாமான்.

மொட்டை உளி என்ன செய்யும்? வெட்டாது. வெட்டாததால் நாம் அழுத்துவோம். அழுத்தினால் மரம் நடுங்கும், லேத்தைக் குறை சொல்வோம். இன்னும் அழுத்தினால் உளி கொழுவும். நார் கிழிந்த இடத்தை சாண்ட் பேப்பரால் தேய்ப்போம், மரம் சூடாகும், அதிலே சின்ன வெடிப்பு வரும். இவ்வளவும் ஒரு மொட்டை உளியால்.

உளி தீட்டியதா இல்லையா என்பது சத்தத்திலேயே தெரியும். தீட்டிய குழி உளியின் சாய்வு முகத்தை முதலில் வெறுமனே மரத்தில் தொடவிட வேண்டும். அது வெட்டாது, தேயும், அவ்வளவுதான். பிறகு கைப்பிடியை மெல்ல மேலே தூக்கினால் ஒரு இடத்தில் நுனி பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வருவது இரைச்சல் அல்ல, ஒரே சீரான சீறல். ஈர வேம்பென்றால் சீவல் அறாமல் நீள ஓடி வந்து கையில் ஈரமாக விழும், அந்தக் கசப்பு மணம் மூக்கில் ஏறும். தூளாகக் கொட்டினால் நிறுத்தி உளியைத் தீட்டப் போகவேண்டியதுதான்.

கிரைண்டரில் சாம்பல்நிறக் கல் வரும். அது சும்மா இரும்புக்கு. சூட்டைத் தாங்குகிற ஹை ஸ்பீட் ஸ்டீல் உளிக்கு வெள்ளைக் கல் மாற்றுங்கள், சூடு குறைவு. கோணங்கள் கிண்ண உளிக்கு 45 முதல் 55 பாகை, கட்டில்கால் கடைகிற குழி உளிக்கு 35, 40. சுரண்டி 70, 80. தீட்ட முன்னம் சாய்வு முகத்தை மார்க்கர் பேனையால் கறுப்பாக்கிவிட்டு ஒருமுறை மெல்லக் கல்லில் தொட்டுப் பாருங்கள். கறுப்பு எந்த இடத்தில் அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. நுனியில் மட்டும் அழிந்தால் கோணம் கூடிவிட்டது, குதியில் அழிந்தால் குறைந்துவிட்டது. நான் இதற்குமேல் எந்த விலையுயர்ந்த சாமானும் வாங்கவில்லை.

நுனி நீலமாகிவிட்டது என்று பதறுகிறவர்களுக்கு: ஹை ஸ்பீட் ஸ்டீல் என்றால் நீலம் பரவாயில்லை. கொல்லன் பட்டறையில் லொறி ஸ்பிரிங் பிளேட்டில் அடிப்பித்த உளி என்றால் நீலம் வந்த இடம் மென்மையாகிவிட்டது, அதைத் தேய்த்து அகற்ற வேண்டும். அந்த உளிகளைத் தண்ணீரில் அடிக்கடி தோய்த்துக்கொண்டே தீட்டுங்கள்.

யூன் 10

"பழைய அரத்தைத் தேய்த்து உளியாக்கலாமா?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். யூரியூப்பில் எல்லாரும் செய்கிறார்கள் என்று ஒருவர். அரம் கண்ணாடித் தன்மை உள்ள இரும்பு. மரத்தில் கொழுவினால் வளையாது, முறியும். முறிந்த துண்டு எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்பிரிங் பிளேட் வளையும், அதனால் அது பரவாயில்லை.

இன்னொன்று. குற்றியை உருட்டையாக்குகிற அகலமான குழி உளி இருக்கிறதே, அதைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள். அதன் வால் மெல்லிது. கிண்ணத்தில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டுமுறை மரத்தின் முனைநார் வந்து அடிக்கும், வால் கைப்பிடிக்குள்ளேயே முறியும்.

யூன் 23

துரு. உப்புவெளி, உவர்மலை, டொக்யார்ட் வீதி, எங்கே இருந்தாலும் கடல் கூப்பிடு தூரம்தான். இரவு துடைக்காமல் விட்ட லேத் படுக்கையில் விடியும்போது செம்மண் நிறம்.

தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். தூசியெல்லாம் ஒட்டிப் பிசுபிசுக்கும். மெசின் ஒயில் பூசித் துடைத்து, அதன்மேல் மெழுகு தேய்த்துவிட்டால் டூல் ரெஸ்டும் வழுக்கிக்கொண்டு நகரும். ஈரச் சீவலை லேத்தில் இரவு முழுக்கக் கிடக்க விடாதீர்கள். அது போதும் துருப்பிடிக்க.

ஈரப் புளியமரத்திலோ தேக்கிலோ இரும்பு பட்டுக் கறுத்த தழும்பு வந்தால் பாதித் தேசிக்காயால் தேய்த்துக் கழுவுங்கள். அதிகம் போய்விடும்.

யூலை 7

எந்த மரம் நல்லது என்று இரண்டு வாரமாகச் சண்டை நடக்கிறது. என் பங்குக்கு.

பூவரசு. கடற்கரை வேலிகளில் எல்லாம் நிற்கிறது, யாரும் மதிப்பதில்லை. உள்வைரம் சொக்லேற் நிறம். சாப்பாட்டில் மணமோ நிறமோ இறங்காது. ஹவாய்த் தீவுக்காரர்கள் அந்தக் காலத்தில் சாப்பாட்டுக் கிண்ணங்களைப் பூவரசிலும் குடைந்தெடுத்தார்கள். நாம் அதில் வேலிக்கதியால் போடுகிறோம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

வேம்பு. நார் பின்னிப் பின்னி ஓடும், அதனால் ஒரு பக்கம் வழுவழுப்பாக வந்தால் மறுபக்கம் கிழியும். கடைசி வெட்டுக்கு முன்னம் உளியைத் திரும்பத் தீட்டிக்கொண்டு, மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். தூசி மூக்கை எரிக்கும்.

பாலை. தண்ணீரில் தாழும் மரம். அதைக் கடைவது உளிக்குத் தண்டனை. ஆனால் பம்பரத்துக்கும் சுத்தியல் தலைக்கும் அதைவிட நல்லது இல்லை.

மா. மலிவு, இலேசு, சிலவேளை கறுப்புக் கோடுகள் அழகாக ஓடும். உளுத்துப்போகும், தறித்த கையோடு கடையுங்கள். பால் பட்டுத் தோல் அரிக்கிறவர்கள் விலகிக்கொள்ளுங்கள். மரமுந்திரிக்கும் அதே எச்சரிக்கை.

பனை, தென்னை. வளையமே இல்லாத மரங்கள். வெளியே கறுத்த நாரெல்லாம் ஊசி, உள்ளே பஞ்சு. வெளிப்புற வைரத்தை மட்டும் எடுத்து, உளியை அடிக்கடி தீட்டிக் கடைந்தால் கைப்பிடிகள் அருமையாக வரும். சிலாம்பு ஏறும், கவனம்.

அப்புறம் சாவண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கில மர வியாபாரப் புத்தகங்களில் இதற்கு டிரிங்கோமலி வுட் என்றே பெயர். எங்கள் துறைமுகத்திலிருந்து இந்த மரம் சென்னைப் பட்டினத்துக்குக் கப்பல் ஏறியது. சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழத்தில் நிற்கும், ஆளையும் சாமானையும் அலைக்குள்ளால் கரை சேர்த்தது மசூலாப் படகு. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு, ஆணி இல்லை. அலை தூக்கிக் கரையில் குத்தினாலும் பிளக்காமல் வளைந்து கொடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்த மரம். சாராயப் பீப்பாய்க்கும் இதே மரம்தான். நேரான நார், உளிக்குப் பணிவான மரம். பழைய வீடு இடிக்கிற இடத்தில் யன்னல் சட்டம், வளை என்று கிடைத்தால் விடாதீர்கள். ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

யூலை 8

கிண்ணியா நானா: "பீப்பாய்க் கதை நமக்கு வேண்டாம், படகுக் கதையைச் சொல்லுங்க." சரி நானா.

யூலை 9

முதிரையை விட்டுவிட்டேன் என்று ஒரு ஐயா கோபித்திருக்கிறார். வேண்டுமென்றேதான் விட்டேன். பொன்னிறம், திருப்பித் திருப்பிப் பார்த்தால் பட்டுப்புடைவைக் கரையாக ஒளி மாறும், எல்லாம் உண்மை. ஆனால் அதன் தூசி பலருக்குத் தோலில் கொப்பளமும் அரிப்பும் தரும், பழைய தச்சர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நீளக்கை, முகமூடி, வேலை முடிந்ததும் குளிப்பு.

அதோடு முதிரை, பாலை, கருங்காலி எல்லாம் காட்டு மரங்கள். கொண்டு திரிய அனுமதிச் சீட்டு வேண்டும். வீட்டு வளவில் நிற்கிற பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கே 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். "என்ர வளவு, என்ர மரம்" என்று கோடரியை எடுக்காதீர்கள். தளபாடப் பட்டறைகளின் பின்பக்கம் கழிவுத் துண்டுகள் மலையாகக் கிடக்கும். ஒரு பை நிறைய எடுத்தாலும் தேத்தண்ணிக் காசுதான் கேட்பார்கள்.

களப்போரத்துத் தில்லையை யாரும் தொடவே வேண்டாம். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஓகஸ்ட் 11

மூதூரிலிருந்து ஒரு டீச்சர்: "பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். நாலு தாடைச் சக் இல்லை, வாங்கவும் வழியில்லை. கிண்ணம் இல்லாமல் என்ன செய்யலாம்?"

டீச்சர், கிண்ணத்தில் தொடங்குவதே எங்கள் எல்லாருக்கும் உள்ள அவசரம். இரண்டு முனையிலும் பிடித்துக் கடைகிற வேலைதான் கையைப் பழக்கும். பம்பரம், உருட்டுக்கட்டை, மத்து, தொட்டில் கம்பு. கோயில் தேரில் பார்த்திருப்பீர்கள், எத்தனை கடைசல் தூண்கள். எல்லாம் இரண்டு முனைக்கு நடுவில் செய்த வேலை. பிள்ளைகள் கிட்ட நிற்கக்கூடாது, மூன்று மீற்றர் தள்ளி, பக்கவாட்டில்.

சக் இல்லாமலும் கிண்ணம் செய்யலாம். ஒரு கழிவு மரத்துண்டை லேத்தின் சுற்றுகிற தட்டில் திருகாணியால் பூட்டி முகத்தைத் தட்டையாகக் கடைந்துகொள்ளுங்கள். கிண்ணத்துக்கான காய்ந்த மரத்தின் அடியையும் தட்டையாக்கி, இரண்டுக்கும் நடுவில் பத்திரிகைக் கடதாசி ஒன்றை வைத்து வெள்ளைப் பசையால் ஒட்டி, இரவு முழுக்க அழுத்தி வையுங்கள். கடைந்து முடிந்ததும் கடதாசி இருக்கும் கோட்டில் தட்டையுளியை வைத்து ஒரு தட்டு. கடதாசி இரண்டாகப் பிரியும், மரத்துக்குச் சேதமில்லை. பெரிய கிண்ணத்துக்கும் ஈரமரத்துக்கும் இந்த முறை வேண்டாம். பசை தாங்காது.

ஓகஸ்ட் 12

டீச்சருக்கு எழுதியதில் ஒரு சேர்க்கை. ஒட்டுவதற்கு மழமழவென்ற கடதாசி வேண்டாம், பசை உள்ளே இறங்காது. பத்திரிகைத்தாள் மாதிரிக் கரடான தாள்தான். பம்பரத்துக்கே இந்த ஒட்டு வேலை தேவையில்லை என்று இப்போது யோசிக்கும்போது படுகிறது. நீளத் தடியில் கடைந்து கடைசியில் வெட்டிவிடலாம்.

செப்டெம்பர் 15

நிலாவெளித் தம்பியின் இரண்டாவது வேப்பங்கிண்ணம் பிளக்கவில்லை. நிறை நின்றுவிட்டதாம். படம் பார்த்தேன். நன்றாகவே முட்டை வடிவம். விளிம்பில் ஒரு பக்கம் அலை மாதிரி நெளிந்திருக்கிறது, பின்னிய நாரின் வேலை.

மே 22இல் பத்தில் ஒன்று என்று எழுதினேன். வேம்புக்கும் முதிரைக்கும் அதைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம் என்று இந்தப் படத்தைப் பார்த்தபின் நினைக்கிறேன். 20 சென்றிமீற்றருக்கு இரண்டரை. பூவரசுக்கும் தேக்குக்கும் பழைய கணக்கே சரி.

தம்பி, வட்டமாக்கும்போது முதலில் அடியிலுள்ள பிடியைச் சரிசெய்யும். அது முட்டையாக இருக்க, வாயை வட்டமாக்கி என்ன பயன்?

செப்டெம்பர் 29

சாண்ட் பேப்பர்: 120, 180, 240, 320. நடுவில் ஒன்றைத் தாண்டினால் 320க்குப் பிறகு 120இன் கோடுகள் எண்ணெய் பட்டதும் எழும்பி வரும். ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் மெசினை நிறுத்தி, நார் ஓடுகிற பக்கம் கையால் தேய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சூடு கையில் உறைத்தால் அழுத்தம் கூடிவிட்டது.

வேறு ஒன்றும் சொல்ல இல்லை. இதில் கலை இல்லை, பொறுமைதான்.

ஒக்டோபர் 6

நிறம் பூசுவதைப்பற்றி யாரோ கேட்டீர்கள். ஸ்பிரே பெயின்ற் வேண்டாம். அரக்கு செய்து பாருங்கள்.

கர்நாடகத்தின் சன்னபட்டணா, ஆந்திராவின் ஏடிகொப்பாக்கா பொம்மைகள் எல்லாம் லேத்திலேயே அரக்குப் பூசியவை. மரம் வெட்பாலை, வெள்ளையாக, நார் தெரியாமல் இருக்கும். எங்கள் நாட்டில் மாத்தளைப் பக்கமும் அரக்கு வேலை உண்டு. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுற்றுகிற மரத்தில் அழுத்திப் பிடித்தால் உராய்வுச் சூட்டில் உருகிப் பரவும். முதலில் திட்டுத்திட்டாகத்தான் ஒட்டும், அசிங்கமாக இருக்கும். அந்த நேரத்தில் காய்ந்த தாழை ஓலையைப் பட்டையாக மடித்து அதே இடத்தில் அழுத்தி, இடமும் வலமும் மெல்ல நகர்த்த வேண்டும். திட்டுகள் ஒன்றோடொன்று ஓடிச் சேர்ந்து சட்டென்று பளபளக்கும். கடதாசியில் செய்து பார்த்தேன், அந்த மினுக்கம் வரவில்லை.

தாழை இங்கே கடற்கரையோரம் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். முள் விளிம்பைச் சீவிவிட்டு நிழலில் காயவிடுங்கள். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் அரக்கு உரிந்துவிடும்.

ஒக்டோபர் 27

மழை தொடங்கிவிட்டது. இனித் தை வரைக்கும் மரம் காய்வது மெதுவாகும், வெடிப்பும் குறையும். ஈரக் குற்றி கடைய நல்ல காலம் இதுதான். கட்டிலுக்குக் கீழே வைத்தவற்றுக்கு இப்போது பத்திரிகை சுற்ற வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். அவிழ்த்து அறைக்குள்ளே வையுங்கள்.

லின்சீட் எண்ணெய் பூசினவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு வரும், சுருட்டிய துணிக்குள் சூடு தங்கி தானாகவே தீப்பிடிக்கும். மழைக்காலம் என்று நம்பிவிடாதீர்கள், ஓட்டுக்குக் கீழே மரத்தூளும் கிடக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளிக்குள்.

சாப்பாட்டுக் கிண்ணத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று டீச்சர் கேட்டார். பூசலாம், கெடுதி இல்லை, ஆனால் அது காய்ந்து இறுகுகிற எண்ணெய் அல்ல. கழுவக் கழுவப் போகும். தேன்மெழுகு கொஞ்சம் சேர்த்து உருக்கிப் பூசினால் கூடுதல் காலம் நிற்கும்.

நவம்பர் 17

கோட்டைப் பக்கம் விழுந்து கிடந்த மான்கொம்பு ஒன்று கையில் இருக்கிறது, உளிக்குக் கைப்பிடி கடையலாமா என்று ஒருவர். நகரத்துக்குள் மான் மேய்கிற ஊர், கேள்வி வரும் என்று தெரியும். வேண்டாம். வனசீவராசிகள் சட்டத்தோடு விளையாடாதீர்கள், கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கைப்பிடிக்குப் புளியமர வைரம் எடுங்கள். வாய்க்குப் போடுகிற பித்தளை வளையத்தைக் குழாய்ச் சாமான் கடைத் துண்டில் வெட்டிக்கொள்ளலாம். மரத்தை வளையத்துக்குச் சற்று இறுக்கமாகக் கடைந்து, வளையத்தைச் சூடாக்கி அடித்து இறக்குங்கள். உளியின் வாலுக்குத் துளை போடுவது அதற்குப் பிறகுதான். வளையம் போட முன்னம் துளை போட்டால் மரம் பிளக்கலாம்.